ஜெ. மோது

9 ஜனவரி 2019, செரக்குண்டா

வந்து சேர்ந்துவிட்டேன். காம்பியா என்பது ஓர் ஆறும் அதன் இரண்டு கரைகளும்தான் என்று தேசப்படத்தில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தால் ஆறும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பாலைவனத்திலிருந்து வருகிற தூசிக்காற்று ஊரையே மூடிக்கிடக்கிறது. சூரியனைக் கண் கூசாமல் பார்க்கலாம், பொரிக்காத அப்பளம் போல வெளுத்துத் தொங்குகிறது. எதிரே வருகிறவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் ஆளாகிறார்கள்.

விமான நிலையத்தில் இளவேனில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. "எளச்சுப் போயிட்டயே கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

இளவேனில் என் அக்கா சுலோச்சனாவின் மகள். அக்காவும் மாமாவும் போன பஸ் தீப்பிடித்து இருவரும் ஒன்றாகப் போனபோது அவளுக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து சின்னம்மாவும் நான்தான், அம்மாவும் நான்தான். பீளமேட்டில் மெஸ் வைத்து வளர்த்தேன். அவளுக்கு முந்திரிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கொட்டை வாங்க ஆப்பிரிக்காவுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கியவள் இவள் ஒருத்திதானாம். அவள் அப்பா இந்த நாட்டுக்காரர். வந்த இடத்தில் அலியூ செக்கா என்கிற கணக்கு வாத்தியாரைப் பிடித்துப்போயிற்று. பிப்ரவரியில் கல்யாணம்.

நான் சமையலுக்குத் துணையாக வந்திருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை. மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்ததில் கை சும்மா இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

10 ஜனவரி

தூசி துடைத்தேன். மறுபடியும் தூசி.

12 ஜனவரி

அலியூவின் அம்மா அவா வந்திருந்தார். நல்ல ஆகிருதி, தலையில் மஞ்சள் துணிக்கட்டு. வந்தவுடன் என் உடம்பு, என் வீடு, என் தெரு, என் ஊர் மழை எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் பேசியது வொலோஃப், அலியூ அதை இங்கிலீஷாக்க, இளவேனில் தமிழாக்கினாள். நான் அதை எங்கள் கோயமுத்தூர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். அப்படி எழுதினால்தான் அவர் பேசின மாதிரி இருக்கிறது.

"பொண்ணோட அப்பா பேரு மோதுங்கறீங்க. மோதுன்னு கூப்பிட்டா இந்தத் தெருவுல பாதிப்பேரு திரும்பிப் பாப்பாங்க. எந்த வீட்டு மோது?" என்று கேட்டார்.

வீடு என்றால் குலம். இங்கே ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் குலப்பெயர் வருகிறது. மாமாவுக்கும் வந்திருக்கும். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தபோது யாரோ ஒரு மகராசன், பின்னால் நிற்கிற பெயர் அப்பா பெயராக்கும் என்று நினைத்து, நம் வழக்கப்படி அதை முன்னால் கொண்டுவந்து ஒற்றை எழுத்தாக நறுக்கிவிட்டார். ஜெ. மோது. மாமாவுக்கு அது பிடித்துப்போய், "நானும் இனிஷியல்காரன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாஸ்போர்ட் பஸ்ஸோடு எரிந்தது. நான் அப்போது கல்லூரிப் பெண், அக்கா புருஷனின் இனிஷியலுக்கு விரிவு கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. இளவேனிலுக்கு வாய்த்த இனிஷியலோ 'மோ'. ஜெ அதோடு காணாமல் போயிற்று.

அவா விரல் மடக்கினார். "ஜோப், ஜல்லோ, ஜாவ், ஜத்தா, ஜர்ஜு, ஜான்னே..." ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். வெளிநாட்டில் செத்துப்போன ஜெ. மோது என்று ரேடியோவில் சொல்லிப் பார்த்தார்களாம். ஜெ என்ற எழுத்தில் தொடங்குகிற எல்லாக் குலத்திலிருந்தும் ஆள் வந்து, எங்கள் வீட்டிலும் ஒரு மோது வெளிநாடு போனான் என்றார்களாம்.

"அதுக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்றேன்.

"கல்யாணத்தன்னைக்குப் பொண்ணோட கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது அப்பனோட பொறந்தவ. பொண்ணுக்கு அத்தைதான் எங்க வழக்கத்துல எல்லாம். அவ குலத்தைப் பாட்டுக்காரி பாடோணும். பாடுனாத்தான் பொண்ணு எங்க வீட்டுக்குள்ள வெறுங்கையோட வர்லீன்னு அர்த்தம்."

"வளத்தவ நான் இருக்கறனுங்களே."

"நீங்க அம்மா வழி. அதுக்கு ஒரு எடம் இருக்குது. ஆனா அது அத்தை எடம் இல்லீங்க," என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நானும் ஒரு கூட்டத்தில் பிறந்தவள்தான். காடை கூட்டம். எங்கள் வீட்டில் காடைக்கறி தின்னமாட்டோம். அக்கா இன்னொரு தேசத்து ஆளைக் கட்டிக்கொண்டதே பொறுக்காமல் இருந்த அப்பா, நான் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றபோது, "அதை எங்காச்சும் விட்டுப்போட்டு உள்ள வா" என்றார். நான் விடவில்லை. அதிலிருந்து பங்காளி வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எனக்குச் சொல்லிவிடுவதில்லை. ஒறம்பரை, விருந்தாளி என்று என் வாசலில் வந்து நின்றவர் யாருமில்லை. கூட்டம் இல்லாமலும் மனுஷி இருந்துவிடலாம் என்பதற்கு நானே சாட்சி. இதைச் சொன்னால் இளவேனில் கேட்கமாட்டாள்.

13 ஜனவரி

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. எங்கள் ஊர் இட்டேரி, இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் இந்த ஊர்த் தூசி. மாமா முன்னால் நடந்து போகிறார். கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கிற சோறு. நான் எட்டி நடக்க நடக்க அவர் முதுகு அதே தூரத்தில்தான் இருக்கிறது. அவர் திரும்பாமல் என்னைக் கூப்பிடுகிறார். "நாய்! செப்பு!"

விழித்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குத் தெரியாமல், கல்லூரியிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பசி தாங்கமாட்டேன், போனதும் தட்டில் உட்காருவேன். நான் இரண்டாம் தரம் சோறு போடும்போது அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, விரலை நீட்டி, "நாய்! செப்பு!" என்பார். நாயே, சொல்லு என்று அர்த்தம் போலும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம், எங்கேயோ கற்றுக்கொண்டிருப்பார். நாயா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, பதிலுக்கு 'யோவ்' என்று சொல்லச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நான் "யோவ்!" என்று கத்துவேன். அக்கா உள்ளேயிருந்து, "மாமனை யோவ்ங்கறா பாரு, வெக்கங்கெட்டவ" என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவர் போனபிறகு என்னை யாரும் நாய் என்று கூப்பிடவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வசவுக்கு ஏங்கிக் கிடந்தேன் என்பதை இங்கே எழுதிவைத்தால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

15 ஜனவரி

தைப்பொங்கல். முற்றத்து மாமரத்தடியில் மூன்று கல் வைத்துப் பொங்கல் வைத்தேன். பால் பொங்கியபோது நானும் இளவேனிலும் குலவையிட, பக்கத்து வீட்டுப் பெண்களும் காரணம் தெரியாமலே சேர்ந்து குலவையிட்டார்கள். எங்களைவிட நன்றாக இட்டார்கள்.

அடுத்த வீட்டுத் தையல்காரர் சேரிங் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். வெண்பொங்கலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்போது வாசலில் சைக்கிளை நிறுத்திய மீன்காரர் ஒருவர் அவரைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விரலை நீட்டி, "நாய்!" என்றார்.

கரண்டி என் கையிலேயே நின்றது.

"செப்!" என்றார் மீன்காரர். சேரிங் வாயில் சோற்றோடு எழுந்து, "யோவ்! யோவ்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

அலியூவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"நாய் இல்லீங்க சின்னம்மா, ஞ்சாய். அது சேரிங்கோட குலப்பேரு. மீன்காரரு ஜோப். ஜோப்பும் ஞ்சாயும் எங்க பாத்துக்கிட்டாலும் இப்படித்தான். செப்னா சோறு. சோத்துமூட்டைன்னு கேலி பண்றாரு. யோவ்னா நீ. நான் இல்லடா, நீதான்னு இவரு திருப்பிக் குடுக்கறாரு."

"யாரு வேணும்னாலும் ஞ்சாய்க்காரரை அப்படிச் சொல்லலாமுங்களா?"

"மொறை இருக்கறவங்க சொன்னாத்தான் கேலி. மத்தவங்க சொன்னா சண்டை," என்றான்.

முறை என்றால் எனக்கு விளக்கத் தேவையில்லை. கேட்டுக்கொண்டேன். பிறகு பானையில் அடி பிடித்திருந்ததைச் சுரண்டினேன்.

"ஏஞ்சின்னம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள் இளவேனில்.

"பொகை" என்றேன்.

16 ஜனவரி

இன்று விசேஷம் ஒன்றுமில்லை.

17 ஜனவரி

திரைச்சீலை எல்லாம் துவைத்தேன்.

மாமா நாய் என்று நாயைத்தான் சொல்லியிருப்பார். அவர் தமிழ் அரைகுறை. கோயமுத்தூர்க்காரியை எதற்கு ஞ்சாய் என்று கூப்பிட வேண்டும்? எனக்கும் அந்தக் குலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போய், அது ஜோப் இல்லை ஜல்லோ என்று ஆகிவிட்டால் பெண் மனது உடைந்துபோகும். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவள் நல்லதுக்குத்தான்.

அத்தைக்காரி ஒருத்தி இருந்தால் எப்படி இருப்பாள்? இளவேனிலின் நெற்றி யார் நெற்றி என்று எனக்கு இதுவரை தெரியாது. அக்காவுடையது இல்லை. அத்தைக்காரியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த நெற்றியும் இந்த நெற்றியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடுவில் நான் எங்கே நிற்பது?

துவைத்த சீலையில் மறுபடியும் தூசி.

19 ஜனவரி

அவா ஒரு முடிவோடு வந்தார். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார், அன்று ஒரு நாள் அத்தையாக நிற்பார், பாட்டுக்காரி பொதுவாக எதையாவது பாடிவிடுவாள். இளவேனில் சரி என்றாள். அவர் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள்.

சாயங்காலம் அவளுக்குத் தலை சீவிவிட்டேன். சுருட்டை முடி. அதை நுனியிலிருந்து மேலே போகப் போகச் சிக்கெடுக்க வேண்டும், வேரிலிருந்து இழுத்தால் அழுதுவிடுவாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நானே பழகிக்கொண்ட வித்தை அது.

"வெசனமா இருக்குதா சாமி?"

"இல்லீங் சின்னம்மா. எனக்கு எல்லாந்தான் நீங்க இருக்கறீங்களே." மடியில் விழுந்த ஒரு முடியை விரலில் சுற்றினாள். "எங்கப்பாவ முழுப்பேரு சொல்லி யாராச்சும் ஒருக்கா கூப்பிட்டுக் கேக்கோணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

சீப்பு நின்றுவிட்டது.

"மோது ஜோப்," என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ சொன்னது போலக் கேட்டது. அவள் பாதிச் சிக்கோடு திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமன் என்னைய நாய்னு கூப்பிடுவாருடி," என்று தொடங்கியவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தட்டு, சோறு, நீட்டிய விரல், யோவ். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சிரிப்புதான் காரணம் என்று எழுத இப்போது முடியவில்லை.

"பொங்கலன்னைக்கே தெரிஞ்சிருச்சா?"

"ஆமா."

"பொகைன்னீங்க."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். தலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அத்தை வந்துட்டா நீங்க எங்க போயிருவீங்கன்னு நெனச்சீங்க?"

"எங்க போறது, பீளமேட்டுக்குத்தான்."

"போய்த்தான் பாருங்க," என்று முழங்காலைக் கிள்ளினாள். வலித்தது.

23 ஜனவரி

இங்கே ஒவ்வொரு குலத்துக்கும் வழிவழியாக ஒரு பாட்டுக்காரர் குடும்பம் உண்டு. யார் மகன் யார், யார் எங்கே போனார், எல்லாம் அவர்கள் நாக்கில் இருக்கிறது. ஜோப்களின் பாட்டுக்காரி கும்பா என்கிற அம்மாள். அலியூ கூட்டிக்கொண்டு போனான். வீட்டு முன்னால் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அலியூ சொல்லி முடிக்கவில்லை. அவர் கடலையை நிறுத்தினார்.

"ஜோப்புன்னு நேத்தே வந்திருந்தா நேத்தே சொல்லியிருப்பன். ரேடியோவுல வெறும் ஜெ, ஜென்னு எழுத்தைச் சொன்னா நான் என்னத்தப் பாடறது? எழுத்துக்குப் பாட்டு இருக்குதா?" என்றார். பிறகு, "இந்தியாவுக்குப் பயிர்ப் படிப்புக்குப் போன மோது. ஆத்துக்கு அக்கரை, பார்ராங்கற ஊரு. செத்துட்டான்னு சேதி வந்துச்சு, அவ்வளவுதான் வந்துச்சு. புள்ளை இருக்குதுன்னு யாரும் சொல்லல. அவங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம் தூங்கற மோதுன்னு பாடிட்டுத்தான் இருக்கறன்."

"பொறந்தவ இருக்காங்களா?" என்று இளவேனில் கேட்டாள்.

"யாசின். ஒரே தங்கச்சி."

கும்பா எழுந்து நின்று பாடத் தொடங்கினார். ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயர், அதிலிருந்து இன்னொன்று. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில் மோது ஜோப் என்று வந்தது. நிறுத்தி, இளவேனிலின் கன்னத்தைத் தொட்டு, "இளவேனில் மோது ஜோப்" என்று முடித்தார். ழகரம் இல்லாத பெயராகப் போயிற்று, அவர் வாயில் நுழைந்தது, அக்கா புண்ணியம்.

26 ஜனவரி

படகில் போனோம். கார், ஆடு, மீன்கூடை, மனிதர் எல்லாம் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு. ஆறு கடலில் கலக்கிற இடம் அது, அகலமோ அகலம். தூசி இறங்கியிருந்தது. புறப்பட்ட கரை மறைந்தது. போகிற கரை இன்னும் வரவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். படகு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு ஆடு நின்றபடியே தூங்கியது. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இளவேனில் என் தோளில் சாய்ந்திருந்தாள், அந்தப்பக்கத்தார் யாரும் இன்னும் வரவில்லை, இந்தப்பக்கத்தார் யாரும் எனக்கு இல்லை.

பிறகு கரை வந்துவிட்டது.

யாசின் வாசலில் நின்றார். கும்பா முன்னமே சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வயதுதான் இருக்கும். அந்த நெற்றி! இருபது அடிக்கு முன்னாலேயே கண்டுகொண்டேன். இளவேனிலைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. தலையைத் தடவினார், காதைத் தடவினார், அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மோது ஜோப், மோது ஜோப். இளவேனில் கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அலியூ என்னைப் பார்த்தான். என்ன சொல்வது என்று அவனுக்கும் தயக்கம்.

நானே சொன்னேன். நெஞ்சில் கை வைத்து, "ஞ்சாய்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அலியூ கதையைச் சொன்னான். தட்டு, சோறு, கொழுந்தியாள், யோவ். சொல்லச் சொல்ல யாசின் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு முகம்.

"எங்க அண்ணன் தனியாப் போன ஊருல கேலி பண்ண ஆளில்லாமத் தவிச்சிருப்பான்," என்றாராம். "ஞ்சாய் இல்லாத ஊருல ஜோப் எப்படி இருப்பான்? அதனால இவளை ஞ்சாய் ஆக்கிட்டான்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி, அவர் அண்ணன் நீட்டியபடியே நீட்டி, "ஞ்சாய்! செப்!" என்றார்.

"யோவ்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இன்னும் மிச்சமிருந்தது எனக்குத் தெரியாது. தெருவே சிரித்தது. அவர் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

சாப்பிடும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் கிடக்கிற இடத்துக்கு யாராவது போகிறார்களா என்று. அக்காவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், வருஷா வருஷம் நான் போகிறேன் என்றேன். அதன்பிறகு என் பக்கம் சோற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

2 பிப்ரவரி

தூசி விலகிவிட்டது. மாமரம் முழுக்கப் பூ.

யாசின் வந்து நான்கு நாளாகிறது. சமையலறையில் எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. நான் போடுகிற புளி அவருக்கு ஆகாது, அவர் ஊற்றுகிற எண்ணெய் எனக்கு ஆகாது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனாலும் சண்டை நிற்பதில்லை.

இன்று கும்பா வந்தார். கல்யாணத்தில் யார் யாரைப் பெயர் சொல்லிப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள. முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அப்பா, மோது ஜோப். அத்தை, யாசின் ஜோப். மாப்பிள்ளை வீடு, செக்கா. அவா என்னைக் காட்டி, "இந்தியாவுலிருந்து வந்த சின்னம்மா" என்றார். அலியூ எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

யாசினுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், அவளுக்குப் பேரு இல்லையா? அவளுக்கு வீடு இல்லையா?" கும்பா பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "துளசிமணி ஞ்சாய்."

என் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து என் அப்பாவுடையது. அதை யாரும் கேட்கவில்லை.

கும்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு குரலை ஏற்றிப் பாடினார். துளசிமணி ஞ்சாய். பக்கத்து வீட்டுச் சேரிங் ஞ்சாய் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, தன் குலத்துக்காரி என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யாசின் என் பக்கம் விரலை நீட்டி, பாத்திரத்தைக் காட்டி, "செப்!" என்றார். எல்லோரும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோவ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அழுகைதான் வந்தது.